உங்களுக்குத் தெரியுமா? தடித்த உருக்கே முதலில் களைக்கும்!

தடிப்பே காப்பு என்று எண்ணிப் பழகிய நமக்கு விசித்திரமாகத் தோன்றினும், உஷ்ணம் சடுதியாக ஏறியிறங்கும் இடத்தில், தடித்த கறையில் உருக்குச் சுவரே மெல்லிய சுவரைவிட விரைவில் களைத்து விரிசல் காணும். மாவடிப்பள்ளித் தேநீர்க்கடையில் கொதிக்கும் பிளேன்டீ ஊற்றியதும் தடித்த கிளாஸ் வெடிப்பதும், உட்புறம் விரிய வெளிப்புறம் விரியாது நிற்கும் இதே காரணத்தால்தான்.

● ஆகையினாலேயே, தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் எழுந்துள்ள 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலை என்னும் அணு உலையில், உலையைக் குளிர்விக்கும் ஏறத்தாழ 1,150 தொன் திரவ சோடியத்தை ஏந்துவதும் 12.9 மீற்றர் விட்டமுள்ளதுமான பிரதான பாத்திரத்தின் சுவர், 25 முதல் 40 மில்லிமீற்றர் வரையான தடிப்போடு நின்றுவிடுகிறது. மூன்று விரற்கடைகூட இல்லை!

● உலைக்கருவை விட்டு வெளியேறும் சோடியத்தின் உஷ்ணம் சுமார் 547 பாகை செல்சியஸ்.

● இப்பாத்திரத்தின் உருக்கிலுள்ள காபன், நெடுங்கால உஷ்ணத்தில் குரோமியத்தோடு கூடி உலோக மணிகளின் எல்லைகளிற் படிந்து மூப்பை விளைவிக்குமாதலால், காபனைக் குறைத்து, இழந்த பலத்துக்கு ஈடாக நைதரசனைச் சிறிதளவு சேர்த்திருக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்காகிய அதே நைதரசன்தான்.

● உலைக்கு வகுத்த ஆயுள் 40 ஆண்டுகள். உலையை நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் உஷ்ணம் ஏறியிறங்குவதால், அது அந்த ஆயுட்கணக்கிற் பற்றாக எழுதப்படும்.