அறிந்தும் வாய் திறக்கவில்லை!

பித்தப்பையிலே பிறந்த கல், பித்தநாளத்திலே வந்து அடைத்துக்கொள்கிறது. கண் மஞ்சளாகிறது, காய்ச்சல் வாட்டுகிறது. வயிற்றைக் கிழித்துத்தான் தீரவேண்டும் என்றிருந்த காலத்தை, 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மாற்றிக் காட்டினார்கள். வாய் வழியே குழாயை இறக்கி, நாளத்தின் வாயைச் சற்றே கீறி, கல்லை வெளியேற்றினார்கள். பாராட்டுகிறோம், மனமார!

அந்தச் சிகிச்சைக்கும் பின்விளைவுகள் உண்டு. கணையம் வீங்கலாம், இரத்தம் கசியலாம், அபூர்வமாகக் குடலில் துளையும் விழலாம். மருத்துவர் முன்கூட்டியே சொல்கிறார். நோயாளி கேட்டு, ஒப்பித்தான் படுக்கிறார். அதிலே குற்றம் காண நாம் வரவில்லை. சொல்லப்படாத ஆபத்து ஒன்று இருந்ததே, அதைப் பற்றித்தான் பேச்சு!

குழாயின் நுனியிலே சின்னஞ்சிறு நெம்புகோல் ஒன்று. கம்பியைத் தூக்கி நாளத்துக்குள் திருப்பிவிட அது வேண்டும். அதன் பின்புறத்து இடுக்கிலோ தூரிகை சரிவரப் புகாது. கழுவிய பின்னும் கிருமி தங்கிவிடும். ஒருவர் குடலிலிருந்த கிருமி அடுத்தவர் உடலிலே குடியேறும். எப்படிப்பட்ட கிருமி? வலுவான மருந்துகளுக்கும் மசியாத கிருமி!

2012-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர மருத்துவமனையிலே தொற்று பரவிற்று. ஒலிம்பஸ் கம்பெனியின் குழாயைப் பிரித்துப் பார்த்த வெளி நிபுணர், அமைப்பிலேயே கோளாறு இருக்கக்கூடும் என்று அறிக்கை தந்தார். 2013 தொடக்கத்தில் ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போயிற்று. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு? போகவில்லை! கேட்கிறோம்: ஐரோப்பியன் குடல் வேறு, அமெரிக்கன் குடல் வேறா?

2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 7 பேருக்குத் தொற்று, அவர்களில் 2 பேர் சாவு என்ற செய்தி வெடித்த பிறகுதான் அந்நாடு விழித்தது. 2012 முதல் 2015 வரை இத்தகைய குழாய்களால் உலகில் குறைந்தது 250 பேர் தொற்றுக்கு ஆளாயினர் என்று, 2016 ஜனவரியில் செனட் குழுவொன்றிலிருந்து வந்த அறிக்கை கணக்குக் காட்டிற்று.

2018 டிசம்பரில் கம்பெனி நீதிமன்றத்திலே தலை குனிந்தது. தொற்றுச் செய்திகளைச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்று குற்றத்தை ஒப்புக்கொண்டது. ராட்டர்டாம் நிபுணரின் அறிக்கையும் அந்த வழக்கிலே அடக்கம். அபராதம் 8 கோடி டாலர். பறிமுதல் 50 லட்சம் டாலர். பணம் கட்டியாயிற்று, பார்த்தீர்களா, கணக்கு முடிந்துவிட்டதாம்!

நுனியை ஒருமுறைக்குமேல் பயன்படுத்தாமல் எறிந்துவிடும் வகைக்கு மாறும்படி அமெரிக்க மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளுக்குச் சொன்னது 2019 ஆகஸ்டில். ராட்டர்டாமிலே குழாயைப் பிரித்துப் பார்த்து அப்போது ஏழாண்டு ஆகியிருந்தது.