காப்புப் பிரதிக் கையேடுகளில் பதிப்புக் குறிகள்

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந் தேதி, டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கம்ப்யூட்டர்கள் விஷமிகளின் தாக்குதலால் முடங்கின. ஐந்து சர்வர்களும், அவற்றிலிருந்த சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள விவரங்களும் பாதிக்கப்பட்டன. நோயாளிகளைப் பதிவு செய்தல், பரிசோதனை முடிவுகளை அனுப்புதல் முதலிய காரியங்கள் ஏறக்குறைய இரண்டு வாரகாலம் கையெழுத்துக் காகிதங்களைக் கொண்டே நடைபெற்றன. தாக்குதலுக்கு உட்படாத ஒரு காப்புப் பிரதிச் சர்வரிலிருந்து ஆஸ்பத்திரி விவரங்கள் மீட்கப்பட்டன என்று பின்னர் பார்லிமெண்டில் அரசாங்கம் தெரிவித்தது.

காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளுக்கு மற்ற மென்பொருள்களுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. தட்டெழுத்து மென்பொருளில் பிழை நேர்ந்தால் அக்கணமே கண்ணில் படும். காப்புப் பிரதியில் நேரும் பிழையோ, மூலம் அழிந்து பிரதியை நாடும் நாள் வரையில் மறைந்தே கிடக்கும். எனவே இவ்வகை மென்பொருளின் கையேட்டில், ஒரு வசதி எந்தப் பதிப்பில் முதன்முதலாகத் தோன்றியது என்னும் சிறு குறிப்பு எழுத்தர் வேலையாகத் தோன்றினாலும், அது விடுபட்டால் நேரும் நஷ்டம் சிறிதன்று.

ஆர்சிங்க் என்னும் மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகிய இருவரும் இதனை 1996-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டனர். ஒரு கம்ப்யூட்டரிலுள்ள கோப்புகளில் மாறிய பகுதிகளை மட்டும் மற்றொன்றுக்கு அனுப்புவது இதன் சிறப்பு. 2008-இல் வெளிவந்த 3.0.0 பதிப்பு வரையில், எல்லாக் கோப்புகளின் பட்டியலையும் முதலில் முழுமையாகத் தயாரித்த பின்னரே இது வேலையைத் துவக்கும். லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள இடத்தில் இதற்கே நெடுநேரமும் மிகுந்த நினைவகமும் செலவாயின. 3.0.0 பதிப்பு பட்டியலைச் சிறிது சிறிதாகத் தயாரித்துக் கொண்டே கோப்புகளையும் அனுப்பலாயிற்று. ஆனால் அனுப்பும் முனை, பெறும் முனை ஆகிய இரண்டிலும் 3.0.0 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தாலொழிய இவ்வசதி கிட்டாது. கையேடு இந்நிபந்தனையைத் தெளிவாகக் கூறுகிறது. இரு முனைகள் கொண்ட மென்பொருளில், "இன்ன பதிப்பு முதல்" என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த முனையின் பதிப்பு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பல கையேடுகள் இதை மறந்துவிடுகின்றன என்பது வருந்தத்தக்கது.

புதிதாகச் சேர்ந்த வசதியைக் குறிப்பது எளிய பகுதி. பழைய பதிப்பில் இல்லாத ஒரு தேர்வைக் கட்டளையில் எழுதினால், மென்பொருள் அதனை அறியேன் என்று கூறி நின்றுவிடும். நேரம் வீணாகுமேயன்றி வேறு தீங்கு நேராது. ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் 2006-ஆம் ஆண்டைச் சேர்ந்த 2.6.9 பதிப்பே பல்லாண்டுகள் இடம்பெற்று வந்தது. அவற்றை உபயோகித்தோர், மொத்த வேலையில் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் தேர்வைப் புதிய கையேட்டில் படித்துக் கட்டளை கொடுத்து ஏமாந்தனர். அத்தேர்வு 2013-இல் வந்த 3.1.0 பதிப்பில் சேர்க்கப்பட்டதாகும்.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. பெயர் மாறாமல் நடத்தை மட்டும் மாறும் கட்டளைகளே அஞ்சத்தக்கவை. மூலத்தில் இல்லாத கோப்புகளைப் பிரதியிலிருந்தும் நீக்குமாறு ஆர்சிங்க்கிற்குக் கட்டளையிடலாம். எப்பொழுது நீக்குவது என்பதை உபயோகிப்பவர் குறிப்பிடாவிடில், மறுமுனையில் இருப்பது 3.0.0 அல்லது பிந்திய பதிப்பாயின் மாற்றம் நடைபெறும்போதே நீக்கும்; அதற்கு முந்தியதாயின் கோப்புகளை அனுப்பத் துவங்கும் முன்னரே நீக்கிவிடும். முன்னரே நீக்கி, இடையில் மின்சாரம் தடைப்பட்டால், நீக்க வேண்டியவை எல்லாம் நீங்கியிருக்கும், வரவேண்டியவை வந்திரா. ஒரே கட்டளை, ஒரே எழுத்துகள். விளைவு மறுமுனையின் பதிப்பைப் பொறுத்தது.

2022-இல் வெளிவந்த 3.2.4 பதிப்பில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. அதற்கு முன்பு, தொலைவிலுள்ள கம்ப்யூட்டரின் கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் அப்பெயர் இரண்டாகப் பிளக்கப்படும். அதைத் தவிர்க்க நிர்வாகிகள் மேற்கோள் குறிகளை இரட்டிப்பாக இட்டுவந்தனர். 3.2.4 முதல் மென்பொருளே பெயரைப் பாதுகாத்து அனுப்புகிறது. இது நல்ல திருத்தம்தான். ஆயினும் முன்ஜாக்கிரதையாக இட்ட பழைய மேற்கோள் குறிகள் இப்பொழுது பெயரின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகின்றன. அப்பெயருடைய கோப்பு எங்கும் இராது. பழைய முறையே வேண்டுவோருக்கென ஒரு தனித் தேர்வும் அளிக்கப்பட்டது. பத்தாண்டுகள் சரியாக ஓடிய கட்டளைத் தொகுதி ஒருநாள் ஏன் பழுதுபட்டது என்று தேடும் நிர்வாகிக்கு, கையேட்டின் அந்த இடத்திலேயே "3.2.4 முதல்" என்று காணப்படும் சொற்றொடர் எவ்வளவு உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குறிப்புகளை எங்கு எழுதுவது என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. 2000-ஆம் ஆண்டில் துவங்கப்பட்ட பாகுலா என்னும் காப்புப் பிரதி மென்பொருளின் கையேட்டில், ஒவ்வொரு பதிப்பின் புதிய அம்சங்களுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பதிப்பை மாற்றப் போகிறவருக்கு இது மிகவும் வசதியானது. ஆனால் ஒரு குறிப்பிட்ட கட்டளையைப் பற்றி மட்டும் அறிய விரும்புபவர் பல அத்தியாயங்களைப் புரட்டி, ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும். பாகுலாவிலிருந்து 2010-இல் கிளைத்த பேரியோஸ், தன் கையேட்டில் அந்தந்தக் கட்டளையின் விளக்கத்தருகிலேயே அது தோன்றிய பதிப்பின் எண்ணைக் குறிக்கும் மரபை மேற்கொண்டது. முழுப் பிரதியை அடிக்கடி எடுக்காமல், மாறுதல்களை மட்டும் எடுத்து அவற்றைப் பின்னர் ஒன்றுசேர்க்கும் முறை 16.2.4 பதிப்பில் வந்தது என்பதை அவ்விடத்திலேயே அறிந்து கொள்ளலாம். இம்மென்பொருளின் பதிப்பெண்களும் ஒரு காலம் வரை ஆண்டையும் காலாண்டையும் ஒட்டியே அமைந்தன என்பதால், எண்ணைக் கண்டதும் வயதையும் ஒருவாறு ஊகிக்க முடிந்தது.

பைதான் மொழியின் கையேடு இம்மரபை நன்கு வளர்த்தது. அக்கையேட்டைத் தயாரிக்க 2008-இல் உருவாக்கப்பட்ட ஸ்பிங்க்ஸ் என்னும் சாதனத்தில், "இப்பதிப்பில் சேர்க்கப்பட்டது", "இப்பதிப்பில் மாற்றப்பட்டது", "இப்பதிப்பு முதல் கைவிடத்தக்கது" என்னும் மூன்று குறிகளும் தனித்தனியே உள்ளன. மூன்றையும் வேறுபடுத்தியதே இதன் பெருமை எனலாம். ஆசிரியர் ஒரு வரி எழுதினால் போதும். அச்சிடும் சாதனம் ஒரே அமைப்பில் அதனை எங்கும் காட்டிவிடும்.

இக்குறிகள் காலப்போக்கில் பாசி போல் படிந்துவிடுவதும் உண்டு. எவரும் உபயோகிக்காத பழம்பதிப்பைப் பற்றிய குறிப்புகள் நிறைந்தால், தேவையான குறிப்பு கண்ணில் படாது. பைதான் ஆசிரியர்கள் 3-ஆம் வரிசைக் கையேட்டில் 2-ஆம் வரிசைக்குரிய குறிகளை அகற்றிவிட்டனர். காப்புப் பிரதித் துறையில் அவ்வளவு துணிவு உசிதமன்று. பழைய பிரதியை நாடுவோர் எத்தனை ஆண்டுகள் கழித்து வருவார்கள் என்று எவரும் சொல்ல முடியாதல்லவா?

பிரதியைச் சேமிக்கும் அமைப்பே மாறும்போது இது மேலும் சிக்கலாகிறது. ரெஸ்டிக் என்னும் மென்பொருள் 2022-இல் வெளியான 0.14.0 பதிப்பில் விவரங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வசதியை அளித்தது. அதற்காகச் சேமிப்பமைப்பு 1-லிருந்து 2-க்கு மாற்றப்பட்டது. அமைப்பு 2-இல் உள்ள சேமிப்பை முந்திய பதிப்புகளால் படிக்க இயலாது. ஆகவே மென்பொருளுக்கு ஓர் எண், சேமிப்பமைப்புக்கு மற்றோர் எண் என இரண்டையும் இணைத்து ஒரு சிறு அட்டவணையாகக் கையேடு தருகிறது. தலைமை அலுவலகத்தில் அமைப்பை மாற்றிவிட்டு, கிளையில் பழைய பதிப்பை வைத்திருப்பவர், தம் பிரதியையே தாம் திறக்க முடியாத நிலைக்கு ஆளாவார்.

பதிப்பெண்ணை முற்றிலும் நம்பிவிடவும் கூடாது. லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுவோரிற் பலர், பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு புதிய பதிப்பின் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதில் சேர்ப்பது வழக்கம். அங்கே எண் பழையது. உள்ளிருப்பதில் ஒரு பகுதி புதியது. தொகுப்பாளர் தரும் மாறுதல் குறிப்பையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

ஆர்சிங்க்கிடம் அதன் பதிப்பைக் கேட்டால், பதிப்பெண்ணோடு, இரு முனைகளும் பேசிக்கொள்ளும் முறையின் எண்ணையும் தெரிவிக்கும். 3.0.0-இல் அவ்வெண் 30. 2025 ஜனவரியில் வெளிவந்த 3.4.0-இல் 32. இவ்விடையை, அன்று நடப்பிலிருந்த பதிப்பின் கையேட்டு நகலோடு சேர்த்து, காப்புப் பிரதி உள்ள நாடாவுடனோ தட்டுடனோ ஓர் உறையில் இட்டுவைக்கும் நிர்வாகிகள் உண்டு. வலைத்தளத்தில் கிடைக்கும் கையேடு பெரும்பாலும் அன்றைய புதிய பதிப்பைப் பற்றியதாகவே இருக்கும். உறையிலுள்ள தாளோ நாடாவை எழுதிய பதிப்பைப் பற்றியதாக இருக்கும்.