மலையில் தெரிவது மேகமா, புகையா? செயற்கைக்கோள் படம் சொல்லும்!

சங்கரன்கோவில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரியும். பிப்ரவரி முதல் ஜூன் வரை அந்தப் பக்கம் மூட்டமா இருந்தால், “மேகமா, காட்டுத்தீயா?” என்ற சந்தேகம் வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கியதை மறக்க முடியாது. காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமா ஏறும் என்பதை அன்று பார்த்தோம். மலைக்குப் போகும் முன் தகவல் தெரிந்துகொள்வது உயிர் காக்கும் விஷயம்.

செல்போனில் எப்படிப் பார்ப்பது?

1. நாசாவின் ‘ஃபர்ம்ஸ்’ இணையதளத்தைத் திறந்து, வரைபடத்தில் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம் பெரிதாக்குங்கள். வெப்பம் பதிவான இடம் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இலவசம்தான்.

2. ‘வேர்ல்டுவியூ’ தளத்தில் தேதியைத் தேர்வு செய்தால் அன்றைய வண்ணப் படமே வரும்.

3. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் தளத்தில் செல்போன் எண்ணைப் பதிவு செய்து உங்க பகுதியைத் தேர்வு செய்தால், தீ எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். ஆக வரும்.

படத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

மேகம் பளிச்சென வெள்ளையா இருக்கும். புகை நீலம் கலந்த சாம்பல் நிறம். ஓரிடத்தில் மெலிதாகத் தொடங்கி, காற்றடிக்கும் திசையில் விரிந்துகொண்டே போகும். தூசி பழுப்பு நிறம். பரந்து கிடக்கும், தொடங்கும் புள்ளி இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அரேபியப் பாலைவனத் தூசி அரபிக்கடல் மேல் மிதந்து வருவதையும் இப்படிப் பார்க்கலாம்.

இதையும் கவனிங்க!

ஒரு புள்ளி என்பது சுமார் 375 மீட்டர் சதுரப் பரப்பு. அதற்குள் வயல் கழிவு எரிப்போ, செங்கல் சூளையோ இருக்கலாம். இந்தச் செயற்கைக்கோள்கள் நம் மேல் பகலிலும் இரவிலும் சுமார் 1.30 மணிக்குக் கடக்கின்றன. தகவல் வெளியாக 3 மணி நேரம் வரை ஆகும். இடையில் பற்றிய தீயும், மேகத்துக்குக் கீழே எரியும் தீயும் தெரியாது. அதனால், புள்ளி இல்லை என்பதற்காகத் தீ இல்லைன்னு முடிவு செய்யாதீங்க.

புகை தரையில் இருக்கிறதா, உயரத்தில் போகிறதா என்பதையும் படம் மட்டும் சொல்லாது. கண் எரிச்சல், இருமல் இருந்தால் ஜன்னலை மூடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், பெரியவர்கள் வெளியே போவதைத் தவிர்க்கணும்.

தீயைக் கண்டால் படம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்கு 101, அவசர உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ஊர்ப் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது குளம், புகை போகும் திசை — இந்த மூன்றையும் மறக்காமல் சொல்லுங்க.