ஞாயிறு பள்ளிப் பொறுப்பு கைக்கு வந்துவிட்டதா? முதல் வாரத்திலிருந்தே கவனிக்க வேண்டியவை!

ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம். "இந்த வருஷம் ஞாயிறு பள்ளியை நீங்க பார்த்துக்கோங்கம்மா" என்கிறார் போதகர். மறுக்க மனம் வராமல் "சரிங்கய்யா" என்று தலையாட்டியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு காலை, ஆலயத்தை ஒட்டிய அறையில் முப்பது, நாற்பது பிள்ளைகள். ஒருவன் ஜன்னல் கம்பியில் ஏறி நிற்கிறான். ஒரு குழந்தை அம்மாவைக் கேட்டு அழுகிறது. பெரிய பிள்ளைகள் கடைசி வரிசையில் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார்கள். பொறுப்பேற்றவர் கையில் ஒரு பாடப் புத்தகமும், பாதி தீர்ந்த சாக்பீஸ் டப்பாவும் மட்டுமே!

தமிழ்நாட்டின் பல சபைகளில் சிறுவர் ஊழியம் இப்படித்தான் ஒருவர் கைக்கு வந்து சேர்கிறது. பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவர், இல்லத்தரசி, ஓய்வுபெற்ற அலுவலர் என யாராகவும் அவர் இருக்கலாம். சம்பளம் இல்லை. பயிற்சியும் பெரும்பாலும் இல்லை. ஆனால், பெற்றோர் தங்கள் பிள்ளைகளை ஒவ்வொரு வாரமும் அவரை நம்பித்தான் விட்டுச் செல்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற என்னென்ன செய்ய வேண்டும்?

தொடங்கியது எப்படி?

இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ், 1780-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். வாரத்தின் மற்ற நாள்களில் வேலைக்குப் போன அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. வேதப் பாடத்தோடு எழுத்தும் வாசிப்பும் சொல்லித் தரப்பட்டன. கோடை விடுமுறையில் நடக்கும் வி.பி.எஸ். எனும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1898-ல் நியூயார்க் நகரில், கோடையில் தெருவில் சுற்றித் திரிந்த பிள்ளைகளைப் பார்த்து எலைசா ஹாவ்ஸ் என்ற பெண்மணி ஆரம்பித்த வகுப்பே அதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. பிள்ளைகளின் தேவையைக் கண்டு உருவானவை இரண்டும். இன்றும் பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு பிள்ளைகளைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

முதலில் ஒரு நோட்டு

வருகைப் பதிவேட்டை வெறும் 'டிக்' அடிக்கும் புத்தகமாக வைக்காமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கலாம். பெயர், வயது, வகுப்பு, பெற்றோரின் போன் எண், ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை போன்ற விவரங்கள், வகுப்பு முடிந்ததும் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பது வரை எழுதி வைக்க வேண்டும். கடலை மிட்டாய் கொடுத்த பிறகு வேர்க்கடலை ஒவ்வாமை பற்றித் தெரிந்து பயனில்லை.

காணாமல்போன ஆட்டின் கதையை எல்லா ஞாயிறு பள்ளியிலும் சொல்கிறார்கள். நூறில் ஒன்று குறைகிறது என்பது அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்திருக்கிறான். தொடர்ந்து இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன், மூன்றாவது வாரம் நேரில் ஒரு நடை. காய்ச்சலா, ஊர் மாறிவிட்டார்களா, வகுப்பில் யாராவது கேலி செய்தார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

எல்லோருக்கும் ஒரே பாடம் வேண்டாம்

நான்கு வயதுக் குழந்தையையும் பதினான்கு வயது மாணவரையும் ஒன்றாக உட்காரவைத்தால், ஒருவர் தூங்குவார், இன்னொருவர் அடுத்த வாரம் வரமாட்டார். 3 முதல் 5 வயது, 6 முதல் 8, 9 முதல் 11, 12-க்கு மேல் என நான்காகப் பிரிப்பது நல்லது. தனித்தனி அறை இல்லாத சபைகளில் ஆலயத் தாழ்வாரம், வேப்பமரத்தடி, ஹாலின் நான்கு மூலைகள் போதும். பாட்டுக்கும் ஜெபத்துக்கும் சேர்ந்திருந்துவிட்டு, கதை நேரத்தில் மட்டும் பிரிந்து போகலாம்.

ஒரு மணி நேர வகுப்பை இப்படித் திட்டமிடலாம்: வரவேற்பு 5 நிமிடம், பாட்டு 10, கதை 15, கதையை ஒட்டிய விளையாட்டோ படம் வரைதலோ 15, மனப்பாட வசனம் 10, ஜெபமும் அறிவிப்பும் 5. சின்னக் குழந்தைகளுக்குக் கதையை 7, 8 நிமிடங்களில் முடித்துவிட்டு விளையாட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

'மரக்கால்' என்றால் மரத்தாலான காலா?

இன்று பல பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தின் பழைய சொற்கள் அவர்களுக்கு அந்நியமானவை. விளக்கை மரக்காலால் மூடக் கூடாது என்று வாசித்தால், மரத்தாலான காலையே கற்பனை செய்வார்கள். அது தானியம் அளக்கும் பாத்திரம் என்று ஒரு படியைக் காட்டிச் சொன்னால் சட்டென்று புரியும். 'ஆயக்காரன்' என்பவர் வரி வசூலிப்பவர். 'தாலந்து' என்பது அந்தக் கதையில் பெரும் பணத்தைக் குறிக்கும் அளவு. பாட்டுப் போட்டிக்கு 'தாலந்து போட்டி' என்று பெயர் வைக்கும் சபைகளில் பிள்ளைகள் குழம்புவது இயல்புதானே!

எனவே, சனிக்கிழமை இரவே பாடப் பகுதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பிள்ளைகளுக்குப் புரியாத சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கதையைப் புத்தகம் பார்த்து வாசிக்காமல், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குள்ளமான சகேயு கூட்டத்தில் எட்டிப் பார்க்க முடியாமல் தவித்ததைச் சொல்லும்போது, வகுப்பிலேயே உயரம் குறைந்த பையனை நடிக்கக் கூப்பிடுவது மட்டும் தவறு. அந்த வேடத்தை ஆசிரியரே முட்டி போட்டு நடித்தால் வகுப்பே சிரிக்கும், யாரும் புண்பட மாட்டார்கள்.

முடிவில் 'இதனால் அறியப்படும் நீதி' என்று அவசரமாக முடிப்பதைவிட, "சகேயு வீட்டுக்கு இயேசு போனதும் மத்தவங்க ஏன் முணுமுணுத்தாங்க?" என்று ஒரு கேள்வியைக் கேட்டுக் காத்திருக்கலாம். பிள்ளைகள் சொல்லும் பதிலில்தான் கதை எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது தெரியும். பதில் தெரியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால், "எனக்குத் தெரியலைடா, கேட்டுட்டு வந்து அடுத்த வாரம் சொல்றேன்" என்பதில் வெட்கமில்லை. ஆனால், அடுத்த வாரம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பரிசு ஆசையும், பிரம்பு பயமும்

எல்லா வருடமும் வசனப் போட்டியில் அதே மூன்று பேர் பரிசு வாங்கினால், மற்றவர்கள் மனதளவில் ஒதுங்கிவிடுவார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையை எல்லோர் முன்னும் எழுப்பி வசனம் சொல்லச் சொல்வது, அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வேகமான வழி. குழுவாகச் சொல்லவைப்பது, வரைந்து காட்டச் சொல்வது, தொடர்ந்து வந்ததற்கும் உதவி செய்ததற்கும் பாராட்டுவது எனப் பரிசின் வாசலை அகலப்படுத்தலாம்.

தலையில் குட்டுவது, காதைத் திருகுவது, வெளியே நிற்கவைப்பது வேண்டவே வேண்டாம். சேட்டை செய்பவனுக்கு ஒரு வேலை கொடுத்தால் பாதிப் பிரச்னை தீரும். பாட்டுப் புத்தகங்களை விநியோகிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். அப்படியும் சிக்கல் தொடர்ந்தால் பெற்றோரிடம் தனியாகப் பேசலாம், மற்ற பிள்ளைகள் முன்னால் அல்ல.

பாதுகாப்பில் சமரசம் கூடாது

'நம்ம சபைதானே, எல்லாரும் தெரிஞ்சவங்கதானே' என்ற எண்ணமே பல இடங்களில் பிள்ளைகளுக்கு ஆபத்தாக முடிகிறது. யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல, எல்லோரையும் காப்பதற்காகச் சில விதிகளை எழுதிச் சுவரிலேயே ஒட்டிவிட வேண்டும்.

* எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவருடன் மூடிய அறையில் இருக்கக் கூடாது. வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். முடியாவிட்டால் கதவு திறந்திருக்க, வெளியே ஒருவர் நடமாட வேண்டும். உதவிக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவரைப் பெரியவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

* சின்னப் பிள்ளைகள் கழிவறைக்குப் போகும்போது இருவர் இருவராக அனுப்பி, ஓர் ஆசிரியை வெளியே நிற்க வேண்டும்.

* வகுப்பு முடிந்ததும் சிறு குழந்தைகளைப் பதிவேட்டில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். "மாமா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றால், அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

* பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட முறையில் வாட்ஸ்அப் செய்தி அனுப்புவது கூடாது. பெற்றோர் இருக்கும் குழுவிலேயே அறிவிப்பு வரட்டும். பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோர் சம்மதமின்றி சமூக வலைதளத்தில் போட வேண்டாம்.

* புதிதாக வருபவரை உடனே ஆசிரியராக்காமல், சில மாதங்கள் சபையில் பார்த்துப் பழகிய பிறகே வகுப்பைத் தர வேண்டும்.

பாலியல் சீண்டல் பற்றி ஒரு பிள்ளை சொன்னால் என்ன செய்வது? இங்கேதான் பல சபைகள் தடுமாறுகின்றன. 'சபையின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்வோம்' என்பது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். அது சட்டப்படியும் குற்றம். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் யாராக இருந்தாலும், குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பவருக்குத் தண்டனை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால், ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவருக்குச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது.

அந்தப் பிள்ளையிடம், "சொன்னது நல்லதும்மா, உன் மேல எந்தத் தப்பும் இல்லை" என்று முதலில் சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவி விசாரிப்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்திக் கேட்பதும் கூடாது. பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வைத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்து உதவி கேட்கலாம். பிள்ளையின் அடையாளம் எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது.

ஆசிரியர்களும் மனிதர்களே

பொறுப்பாளர் ஒருவரே பாட்டு, கதை, பலகாரம், கணக்கு என எல்லாவற்றையும் சுமந்தால், ஆறே மாதத்தில் களைத்துப்போவார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாற்று ஆசிரியர் வேண்டும். வர முடியாதவர் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் தேநீருடன் உட்கார்ந்து பேசுவது அவசியம். பொறுப்பை 'ஆயுள் முழுக்க' என்று தராமல், ஓராண்டுக்கு என்று தந்தால் முன்வருபவர்களும் அதிகம். காணிக்கை, நன்கொடைக் கணக்கை இருவர் கையெழுத்துடன் சபைக் கமிட்டிக்குக் காட்டிவிட்டால் வீண் பேச்சுக்கு இடமிருக்காது.

வி.பி.எஸ். நேரத்தில்...

மே மாத வெயிலில் நடப்பதால் குடிநீர், நிழல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், முதலுதவிப் பெட்டி ஆகியவை பாட்டுப் புத்தகத்தைவிட முக்கியம். பக்கத்துத் தெருவிலிருந்து வேறு மதக் குடும்பப் பிள்ளைகளும் ஆசையாக வருவார்கள். என்ன கற்றுத் தரப்படுகிறது என்பதை அவர்களின் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எழுத்துபூர்வ சம்மதம் பெற்ற பிறகே சேர்க்க வேண்டும். பரிசைக் காட்டி இழுப்பதும், பிள்ளையின் வீட்டு வழிபாட்டைக் குறைத்துப் பேசுவதும் அண்டை வீட்டார் வைத்த நம்பிக்கையை உடைத்துவிடும்.

பதிமூன்று வயதுக்குப் பிறகு

பெரிய பிள்ளைகள் மெல்ல நழுவத் தொடங்கும் வயது இது. அவர்களுக்கு இன்னமும் கைதட்டும் பாட்டும் வண்ணம் தீட்டும் தாளும் கொடுத்தால் வரமாட்டார்கள். பரீட்சை பயம், நட்பு, செல்போன், கோபம், விசுவாசத்தில் வரும் சந்தேகம் என அவர்கள் பேச நினைப்பது நிறைய. அவற்றைப் பேச ஒரு வட்டம் அமைத்துத் தரலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு நடத்துவது, கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வசனம் எழுதுவது, ஒலிபெருக்கியைக் கவனிப்பது போன்ற பொறுப்புகளையும் கொடுக்கலாம். தன் கையில் வேலை இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே வருவார்கள்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. "இன்னிக்கு என்ன வசனம் படிச்ச?" என்று கேட்பதோடு, "இன்னிக்கு யார்கூட உட்கார்ந்த? சந்தோஷமா இருந்துச்சா?" என்றும் ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள். ஞாயிறு பள்ளி எப்படி நடக்கிறது என்பதை ஆண்டு அறிக்கையைவிட, அந்தக் கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதிலே தெளிவாகச் சொல்லிவிடும்.