கன்ட்ரி இசை: வானொலியும் வாசலில் நின்ற பாடகரும்

2017 நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டு விருது விழா நடைபெற்றது. அத்துறையின் நட்சத்திரங்கள் எல்லாம் அரங்கத்துக்குள் கூடியிருந்தார்கள். வெளியே நடைபாதையில் ஒருவர் கிதாரை மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய கிதார்ப் பெட்டி காசு வாங்குவதற்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் ஒரு கிராமி விருதும் கிடந்தது. அவர் பெயர் ஸ்டர்கில் சிம்ப்சன். அதே ஆண்டு பிப்ரவரியில் சிறந்த கன்ட்ரி இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றவர். அன்று சேர்ந்த பணத்தைக் குடிமக்களின் சட்ட உரிமைகளுக்காக வாதாடும் ஓர் அமைப்புக்குத் தருவதாக அவர் அறிவித்திருந்தார்.

அந்தக் காட்சியில் குறும்பு இருந்தது. ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. ஒரு நாட்டின் உயரிய இசை விருது, 'இதுவே இவ்வாண்டின் சிறந்த கன்ட்ரி இசைத்தொகுப்பு' என்று ஒன்றை அடையாளம் காட்டுகிறது. ஆனால், அந்நாட்டில் கன்ட்ரி இசைக்கென்றே இயங்கும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களில் அதன் பாடல்களுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. இந்த முரண் எப்படி நேர்ந்தது? இதற்கு ரசனை வேறுபாடு மட்டும் காரணமல்ல என்பதே என் கருத்து. ஒரு கலையை மக்களிடம் கொண்டு சேர்க்கும் வழி சிலர் கையில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

சிம்ப்சன் 1978-இல் கென்டக்கி மாநிலத்தின் ஜாக்சன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். பின்னர் யூட்டா மாநிலத்தில் ரயில்வே ஊழியராக இருந்தவர். இசையை முழுநேரத் தொழிலாக ஏற்றபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2013-இல் தம் சொந்தச் செலவில் முதல் தொகுப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த 'மெட்டாமாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி மியூசிக்' சில நாட்களில், சுமார் 4,000 டாலர் செலவில் பதிவு செய்யப்பட்டது. ரே சார்ல்ஸ் 1962-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கன்ட்ரி தொகுப்பின் பெயரைச் சற்றே மாற்றி வைத்த தலைப்பு அது. குரலும் கிதாரும் பழைய கன்ட்ரி மரபில் நின்றன; பாடுபொருளோ பிரபஞ்சத்தையும் மரணத்தையும் மனித நனவையும் தொட்டது.

அந்தத் தொகுப்பு பெற்ற கவனத்தால் அட்லாண்டிக் என்ற பெருநிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2016 ஏப்ரலில் 'எ செய்லர்ஸ் கைடு டு எர்த்' வெளியானது. அதைத் தாமே தயாரித்தார். புதிதாகப் பிறந்த மகனுக்கு ஒரு தந்தை எழுதும் கடிதமாக அத்தொகுப்பு அமைந்துள்ளது. ஒன்பது பாடல்கள், நாற்பது நிமிடங்களுக்கும் குறைவான நேரம். பாடல்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆறுபோல் வழிந்தோடுகின்றன. நியூயார்க் நகரின் சோல் இசைக்குழுவான டாப்-கிங்ஸின் ஊதுகருவிகளும் உண்டு. நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடலொன்று மறு ஆக்கமாகவும் இடம்பெறுகிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அத்தொகுப்பு மூன்றாம் இடத்தில் நுழைந்தது. கன்ட்ரி தொகுப்புகளின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடெல், பியான்சே ஆகியோரின் தொகுப்புகளுடன் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது.

ஆக, மக்கள் வாங்கினார்கள்; விமர்சகர்கள் பாராட்டினார்கள்; சக கலைஞர்கள் வாக்களித்தார்கள். வானொலி மட்டும் காது கொடுக்கவில்லை. இது முதன்முறையும் அல்ல. ஜானி கேஷ் போன்ற மேதையின் 'அன்செயின்ட்' தொகுப்பு 1998-இல் இதே கிராமி விருதை வென்றபோது, அதுவரை அதைப் புறக்கணித்த கன்ட்ரி வானொலிக்கு 'நன்றி' தெரிவித்து, பில்போர்டு இதழில் முழுப் பக்க விளம்பரம் வெளியானது. அதிலிருந்த படம், கேஷ் நடுவிரலை உயர்த்திக் காட்டும் பழைய புகைப்படம்.

வானொலி விற்பது எதை?

கன்ட்ரி இசையை வளர்த்ததே வானொலிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சி 1925-இல் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் தொடங்கியது. அந்நிலையத்தை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். கிராமத்து ஃபிடில் இசை கேட்க வானொலி முன் அமர்ந்த குடும்பங்களின் வீட்டு வாசலுக்கு அதன் முகவர்கள் காப்பீட்டுப் பத்திரங்களோடு சென்றார்கள். பாடல் கேட்பவருக்கு இலவசம். கேட்பவரின் கவனம் விளம்பரதாரருக்கு விற்கப்படும். ஒரு நூற்றாண்டு ஆகியும் இந்த அடிப்படை மாறவில்லை.

கவனத்தை விற்பவருக்கு ஒரே அச்சம்தான்: கேட்பவர் வேறு அலைவரிசைக்கு மாறிவிடக் கூடாது. ஆகவே, மிகச் சிறந்த பாடலைத் தேடுவதைவிட, எவரையும் எரிச்சலூட்டாத பாடலைத் தேடுவதே நிகழ்ச்சிப் பொறுப்பாளரின் வேலையாகிவிட்டது. பாடலின் சில விநாடிகளை மட்டும் ஒலிக்கவிட்டு நேயர்களின் விருப்பத்தை அளக்கும் ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. அந்தச் சில விநாடிகளில் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி தேறும். மகனுக்கு எழுதிய கடிதமாக நாற்பது நிமிடம் விரியும் தொகுப்பு அந்தத் தேர்வில் எப்படித் தேறும்?

இதற்கு மேல், ஒரு பாடலை வானொலிப் பட்டியலில் ஏற்றுவதே தனித் தொழிலாக இருக்கிறது. இசை நிறுவனங்கள் இதற்கென்றே ஊழியர்களை வைத்து, நிலையம் நிலையமாக அனுப்புகின்றன. புதிய பாடகர்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று பொறுப்பாளர்களைச் சந்திக்கிறார்கள். ஒரு பாடல் பட்டியலின் உச்சிக்கு வர பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுகூட ஆகிறது. பணம் வாங்கிக்கொண்டு அதை மறைத்துப் பாடலை ஒலிபரப்புவது 1960 முதல் அமெரிக்காவில் குற்றம். ஆனால், பாடலைச் சட்டப்படி முன்னிறுத்துவதற்கும் பெரும்பொருள் வேண்டியிருக்கிறது. 4,000 டாலரில் தொகுப்பு தயாரித்தவர் அந்தப் பந்தயத்தில் இறங்கவே முடியாது.

ஒரு சட்டத்தின் விளைவு

இவ்வளவும் இருந்தும், ஒரு காலத்தில் விதிவிலக்குகளுக்கு இடமிருந்தது. 1975-இல் வில்லி நெல்சன் 'ரெட் ஹெட்டட் ஸ்ட்ரேஞ்சர்' தொகுப்பை மிகக் குறைந்த வாத்தியங்களுடன் பதிவு செய்து கொடுத்தபோது, நிறுவன அதிகாரிகள் அதை முழுமை பெறாத ஒத்திகைப் பதிவு என்றே நினைத்தார்கள். இருந்தும் அதிலிருந்து ஒரு பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு லொரெட்டா லின், கருத்தடை மாத்திரை பற்றிப் பாடிய பாடலைப் பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஆனாலும் அது முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. ஓர் ஊரின் நிலையம் மறுத்தால், அடுத்த ஊரின் நிலையம் ஏற்கலாம் என்ற நிலை அன்று இருந்தது. முடிவெடுப்பவர்கள் பலராக இருந்ததே கலைஞனுக்குப் பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பைத் தகர்த்தது 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் அதிகபட்சம் 40 நிலையங்களையே வைத்திருக்க முடிந்தது. புதிய சட்டம் அந்த வரம்பை முற்றிலும் நீக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் சுமார் 1,200 நிலையங்கள் வந்து சேர்ந்தன. உள்ளூர்ப் பொறுப்பாளரின் இடத்தில் தலைமை அலுவலகத்தின் பட்டியல் வந்து அமர்ந்தது.

இணைப்புகளோடு கடனும் வந்தது. ஐஹார்ட் மீடியா என்று பெயர் மாறிய அதே நிறுவனம், 2018 மார்ச்சில், 2,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுடன் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. சில மாதங்களுக்கு முன்பே மற்றொரு பெரிய நிறுவனமான க்யூமுலஸும் அவ்வாறே சென்றிருந்தது. வட்டி கட்டத் திணறும் நிறுவனம், புதிய குரலை ஒலிக்கவிட்டுப் பார்க்கும் துணிவை எங்கிருந்து பெறும்?

குவிந்த அதிகாரத்தின் தீங்கு சிம்ப்சனைப் போன்ற தனிவழிக் கலைஞர்களோடு நிற்பதில்லை. ஈராக் போர் தொடங்கவிருந்த 2003 மார்ச்சில், டிக்சி சிக்ஸ் என்ற பெண்கள் குழுவின் பாடகி லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷை விமர்சித்தார். சில நாட்களில் கன்ட்ரி வானொலிகள் அக்குழுவின் பாடல்களை நிறுத்தின. க்யூமுலஸ் தன் கன்ட்ரி நிலையங்கள் அனைத்திலும் ஒரே உத்தரவில் நிறுத்தியது. 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர், கன்ட்ரி வானொலி என்னும் கீரைக் கலவையில் ஆண் பாடகர்கள்தாம் கீரை. பெண்கள் ஆங்காங்கே தூவும் தக்காளித் துண்டுகள் என்ற பொருளில் ஒரு தொழில்முறை இதழிடம் கூறினார். பெண் குரல்களை அடுத்தடுத்து ஒலிபரப்பக் கூடாது என்பது அவருடைய அறிவுரை. அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. துறையின் நடைமுறையைத்தான் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

மறுதரப்பின் நியாயம்

வானொலியின் தரப்பிலும் நியாயம் உண்டு. பகல் முழுதும் உழைத்துவிட்டு வண்டியோட்டிக்கொண்டு வீடு திரும்புபவர், தத்துவ விசாரத்தைவிடத் தெரிந்த மெட்டையே விரும்பலாம். அதில் தாழ்வு எதுவுமில்லை. சிம்ப்சனும் வானொலிக்கென்று வளைந்து கொடுத்துப் பாடல் எழுதியவர் அல்லர். தன்வழியே போக உரிமை கொண்ட கலைஞனைக் கட்டாயம் ஒலிபரப்ப வேண்டும் என்று எவரும் விதிக்க முடியாது.

ஆனால், 'மக்கள் கேட்பதையே தருகிறோம்' என்ற வாதத்தை 2015-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி கேள்விக்குள்ளாக்கியது. சிம்ப்சனின் தொகுப்பைத் தயாரித்த டேவ் காப் என்பவரே கிறிஸ் ஸ்டேபிள்டன் என்ற பாடகரின் 'டிராவலர்' தொகுப்பையும் தயாரித்திருந்தார். அதையும் வானொலி பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்க விழா மேடையில் ஸ்டேபிள்டன் பாடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மூன்று விருதுகளும் அன்று அவருக்குக் கிடைத்தன. அடுத்த வாரமே, ஆறு மாதப் பழைய அத்தொகுப்பு நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் வந்து நின்றது. மக்களுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை; அவர்கள் காதுக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். கேளாத பாடலை எவரும் விரும்பிக் கேட்க முடியாது.

வானொலிக்கு வெளியேயும் வழிகள் பிறந்திருக்கின்றன. சிம்ப்சன் ஊர் ஊராக மேடையேறிப் பாடித் தம் நேயர்களைத் தாமே தேடிக்கொண்டார். அமெரிக்கச் சட்டப்படி வானொலி பாடலாசிரியருக்கே உரிமைத்தொகை தருகிறது, பாடியவருக்குத் தருவதில்லை. 'உங்களை விளம்பரப்படுத்துகிறோமே' என்பது நிலையங்களின் நெடுங்கால விளக்கம். விளம்பரமும் கிடைக்காதபோது கலைஞனுக்கு வானொலியால் ஆவது குறைவு. 2017-இல் சிம்ப்சன் இணைந்து தயாரித்த டைலர் சில்டர்ஸின் 'பர்கட்டரி' தொகுப்பும், பின்னர் சாக் பிரையனின் பாடல்களும் இணைய இசைத் தளங்கள் வழியாகவே பெருந்திரளைச் சென்றடைந்தன.

இதைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடவும் முடியவில்லை. அடுத்து எதைக் கேட்கலாம் என்று பரிந்துரைக்கும் இணையத் தளங்களும் ஒருசில நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன. அங்கே கேட்பவரின் நேற்றைய விருப்பமே நாளைய பட்டியலைத் தீர்மானிக்கிறது. நிகழ்ச்சிப் பொறுப்பாளரின் அச்சத்தை ஒரு கணினி நிரல் தன்னுடையதாக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கவே செய்கிறது. வழிகள் பலவாக இருக்க வேண்டும். அவற்றின் உரிமையாளர்களும் பலராக இருக்க வேண்டும். 1975-இல் அமெரிக்க வானொலியில் ஓரளவு இருந்து, 1996-க்குப் பின் கைநழுவிய நிலை அதுதான்.

அந்த நவம்பர் மாலையில் நடைபாதையில் நின்ற சிம்ப்சன் உள்ளே அழைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அங்கு நின்று பாடினார். கடந்து சென்றவர்கள் கேட்டார்கள். உள்ளேயிருந்து ஒளிபரப்பான நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு இல்லை.