லிவர் சிரோசிஸ்: குடல் ‘கசியுதா’ன்னு ரத்தப் பரிசோதனை சொல்லிடுமா?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் ஒரு வீட்டில் லிவர் சிரோசிஸ் நோயாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறது. திடீரென காய்ச்சல், வயிற்று வலி. செல்போனிலோ ‘லீக்கி கட் டெஸ்ட் எடுங்க’ என்று விளம்பரம். முதலில் எங்கே போவது? லேபுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

குடலுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருது. கல்லீரல் தழும்பேறி இறுகினால் அந்த ரத்தம் தேங்கி, குடல் சுவர் வீங்கும். குடல் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளரும். உள்ளே இருக்க வேண்டிய பாக்டீரியாவும் அதன் நச்சும் ரத்தத்துக்கும், வயிற்று நீருக்கும் போய்விடும். மது இதை இன்னும் மோசமாக்கும்.

ரத்தத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

* எண்டோடாக்ஸின்: பாக்டீரியாவின் நச்சு. ரத்தத்தில் துல்லியமாக அளப்பது கஷ்டம்.
* எல்பிபி: நச்சு வந்ததும் கூடும் புரதம். ஆனால் இதைத் தயாரிப்பதே பெரும்பாலும் கல்லீரல்தான்.
* ஐ-எஃப்ஏபிபி: குடல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கலக்கும். கிட்னி பழுதானாலும் கூடலாம்.
* சோனுலின்: பிணைப்பைத் தளர்த்தும் புரதம். விற்பனையில் உள்ள சில கிட்கள் வேறு புரதங்களையே அளப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

அப்போ இதை நம்பலாமா?

ஆராய்ச்சிக்கு இவை முக்கியம். ஆனால் ‘இந்த அளவைத் தாண்டினால் ஆபத்து’ என்று எல்லோரும் ஏற்ற வரம்பு இன்னும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1989 வரை திருவண்ணாமலை இருந்தது வட ஆற்காடு மாவட்டத்தில். 1960, 70-களில் அந்த மாவட்டத்தின் வேலூர் சி.எம்.சி.யில் பேக்கர், மாத்தன் ஆகிய மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். ஆரோக்கியமாகத் தெரிந்தவர்களின் சிறுகுடல் உட்சுவரிலும் மாற்றங்கள் இருப்பதைக் கண்டார்கள். அதனால் குடலில் மாற்றம் தெரிந்தாலே அதற்கு லிவர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

உயிரைக் காப்பது எது?

வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் சாதாரண டெஸ்ட்தான். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் செல்கள் 250-க்கு மேல் இருந்தால் தொற்று என்று எடுத்துக்கொண்டு, உடனே ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். தாமதமானால் கிட்னியும் பாதிக்கும்.

காய்ச்சல், வயிற்று வலி, பேச்சில் குழப்பம், பகலெல்லாம் தூக்கம், ரத்த வாந்தி, கறுப்பு மலம்... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அது குடலையும் கிட்னியையும் சேர்த்தே கெடுக்கும்.

‘லீக்கி கட்’ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கலாம். வயிற்று நீர் டெஸ்ட் காத்திருக்காது.