டேஷ்போர்டு பச்சையா இருந்தா போதுமா?

இந்த எபிசோடில் சென்சார் டேட்டா பற்றிப் பேசும்போது அவசரமா தாண்டின ஒரு விஷயத்தை இங்க விரிவா எழுதுறேன்.

நான் இருக்கிறது ஷார்ஜா முவைலாவில். கொஞ்சம் தள்ளிப் போனா சஜா கேஸ் வயல், 1980இல் கண்டுபிடிச்சது. எனக்கு கான்ட்ராக்ட் வேலை: கேஸ் அனலைசர் ரீடிங்கை டேஷ்போர்டுக்குக் கொண்டுவரணும். ஒரு சைட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ரெண்டு நாளா 2 பிபிஎம், பச்சை. கோடில் பிழையே இல்லை. டெக்னீஷியன் அண்ணன் போய்ப் பார்த்தா, ஃபில்டர் அடைச்சு, ரோட்டாமீட்டர் மிதவை கீழே கிடக்குது!

இது விளையாட்டில்லை. 100 பிபிஎம்மே உயிருக்கு ஆபத்து. அபுதாபியின் ஷா வயல் கேஸில் சுமார் 23 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

ஏன் தப்பு வந்துச்சு? அந்த அனலைசரில் ஈய அசிடேட் தடவின நாடா இருக்கும். கேஸ் பட்டதும் அது கருக்கும். கருக்கிற வேகம்தான் ரீடிங். ஓட்டம் குறைஞ்சா நாடாவில் படும் வாயுவும் குறையும், ரீடிங்கும் குறையும். எரர் எதுவும் வராது.

அழுத்தம் இன்னொரு கதை. அது நம்ம லேட்டன்சி. 4 மில்லிமீட்டர் உள்விட்டம், 50 மீட்டர் நீளம் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 0.63 லிட்டர். உள்ளே வளிமண்டலத்தையும் சேர்த்து 10 பார் இருந்தா, 6.3 லிட்டர் கேஸ் நெருக்கி நிக்குது. நிமிஷத்துக்கு 1 லிட்டர் ஓட்டம்னா புது கேஸ் வந்துசேர 6 நிமிஷத்துக்கு மேல! 2 பாருக்கு இறக்கினா ஒண்ணேகால் நிமிஷம்தான். அதனால் ரெகுலேட்டரைக் கேஸ் எடுக்கிற இடத்திலேயே வைக்கிறாங்க. அழுத்தம் இறங்கும்போது கேஸ் குளிர்ந்து திரவம் பிரியலாம். அதுக்குத்தான் சூடேற்றும் ரெகுலேட்டர்.

செட் பண்ற வரிசை இது:

1. வென்ட் குழாய் திறந்திருக்கான்னு பார்க்கணும்.
2. நீடில் வால்வை மூடிட்டு, ரெகுலேட்டரில் மேனுவல் சொல்ற அழுத்தத்தை வைக்கணும்.
3. நீடில் வால்வை மெல்லத் திறந்து, ரோட்டாமீட்டரில் ஓட்டத்தைச் சரிபண்ணணும்.
4. கேலிபரேஷன் கேஸையும் அதே ஓட்டத்தில் விடணும்.

பெர்மிட் இல்லாம நம்மள மாதிரி கோடு ஆளுங்க இதில் கை வைக்கவே கூடாது. நம்ம வேலை வேற: ஓட்டத்தையும் ஒரு டேக்கா வாங்கி, அது குறைஞ்சா ரீடிங்கைச் செல்லாதுன்னு காட்டணும். அன்னைக்கு அப்புறம் என் டேஷ்போர்டில் பச்சை அவ்வளவு ஈஸியா வராது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!